போனுக்கு நடுவே ஓர் ஆள்: காசு யாருடையது, கணக்கு யாரிடம்?

இரண்டு இதழ்களுக்கு முன்னால் புரசைவாக்கம் வாசகர் ஒருவர், காது கேட்காதவர்கள் போனில் பேச வழி இருக்கிறதா என்று கேட்டிருந்தார். "இருக்கிறது, ரிலே சேவை என்று பெயர், பல நாடுகளில் போன் கம்பெனிகள் கட்டும் பணத்தில் நடக்கிறது, நம் ஊரில் இன்னும் வேரூன்றவில்லை" என்று சுருக்கமாகப் பதில் போட்டிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களும் மெயில்களும் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. அதனால் இந்த முறை சினிமா, அரசியல் கேள்விகளுக்கு லீவு.

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி: என் கணவருக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. கேஸ் புக்கிங், பையனின் டீச்சர், பேங்க், பிளம்பர் எல்லாரிடமும் அவருக்காக நான்தான் பேசுகிறேன். எங்களுக்குள் சண்டை என்றாலும் அவருக்கு வரும் போனை நானேதான் எடுக்க வேண்டும். ரிலே என்கிறீர்களே, அதில் என்னதான் நடக்கும்?

சண்டை நாளில்தான் அம்மா இதன் அருமை தெரியும். வீடியோ ரிலேயை எடுத்துக்கொள்வோம். உங்கள் கணவர் போனில் ஆப்பைத் திறக்கிறார், திரையில் ஹெட்போன் மாட்டிய ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர் வருகிறார். பிளம்பரின் நம்பரைக் கொடுத்ததும் அவர் டயல் செய்து, "ரிலே சேவை வழியாக ஒருவர் உங்களோடு பேசுகிறார்" என்று பிளம்பரிடம் ஒரு வரி சொல்லிவிட்டுக் காணாமல் போய்விடுகிறார். அதாவது, அதற்குப் பிறகு அவர் தன் பேச்சாக எதுவும் பேசமாட்டார். உங்கள் கணவர் சைகையில் சொல்வதை "எங்க வீட்டு பாத்ரூம் குழாய் ஒழுகுது, இன்னிக்கு வர முடியுமா" என்று அப்படியே "எங்க வீட்டு" போட்டுப் பேசுவார், "அவர் என்ன சொல்கிறார் என்றால்" என்ற இழுவை கிடையாது. பிளம்பர் சொல்வது சைகையாக இந்தப் பக்கம் வரும். பிளம்பர் போனைக் கையால் மூடிக்கொண்டு பக்கத்திலிருப்பவரிடம் "இந்த ஆள் விடமாட்டான் போல" என்று முனகினால், காதில் விழுந்த அளவுக்கு அதுவும் சைகையாக வந்து சேரும். காது கேட்பவருக்கு விழுந்திருக்கும் என்றால் இவருக்கும் சேர வேண்டும், அவ்வளவுதான் விதி.

இதற்கு மூத்தது டைப் அடிக்கும் ரிலே. 1964-இல் ராபர்ட் வைட்பிரெக்ட் என்ற அமெரிக்க இயற்பியலாளர், அவருக்கே காது கேட்காது, பழைய டெலிபிரின்டர் இயந்திரங்களைச் சாதாரண போன் லைனில் இணைக்க வழி கண்டுபிடித்தார். இரண்டு பக்கமும் அந்த இயந்திரம் இருந்தால் டைப் அடித்தே பேசிக்கொள்ளலாம். ஒரு பக்கம் மட்டும் இருந்தால்? நடுவில் ஓர் ஆள் உட்கார்ந்து ஒரு பக்கத்துக்குப் படித்துக் காட்டவும் மறுபக்கத்துக்கு டைப் அடிக்கவும் வேண்டும். ரிலே அப்படிப் பிறந்ததுதான். ஆரம்பத்தில் தொண்டர்கள் செய்தார்கள், பகலில் மட்டும், அதுவும் ஆள் இருந்தால்.

குரோம்பேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற அரசு ஊழியர்: ரீசார்ஜ் பண்ணும்போதே 18 சதவீதம் ஜிஎஸ்டி பிடிக்கிறான். இதில் அடுத்தவர் பேசுவதற்கும் நான் காசு கட்ட வேண்டுமா? அரசாங்கம் பட்ஜெட்டில் ஒதுக்கிக் கொடுத்துவிட்டுப் போகட்டுமே.

சார், நீங்கள் அரசு அலுவலகத்தில் இருந்தவர். பட்ஜெட்டில் ஒதுக்கிய 'முன்னோடித் திட்டம்' மார்ச் 31-க்குப் பிறகு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புதிய செயலாளர் வருவார், ஃபைல் மேஜை மாறும், 'ஆய்வில் உள்ளது' என்று பதில் வரும். போன் அப்படி நிற்கக் கூடாதல்லவா?

அமெரிக்காவில் 1990-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் நான்காம் பகுதி இதை வேறு மாதிரி பார்த்தது. ரிலே என்பது உதவித்தொகை இல்லை, போன் சேவையின் ஒரு பாகம், ஆகவே போன் விற்பவன் இதையும் சேர்த்தே விற்க வேண்டும். 1993 ஜூலை 26-க்குள் நாடு முழுக்க ரிலே கிடைத்தாக வேண்டும் என்று கெடு வைத்தார்கள். பணத்துக்கு இரண்டு பைகள். மாநிலத்துக்குள் நடக்கும் சாதாரண ரிலே அழைப்புக்கு அந்தந்த மாநிலம் ஏற்பாடு செய்யும், பெரும்பாலும் போன் பில்லில் சில சென்ட் சேர்த்து. மாநிலம் தாண்டும் அழைப்புக்குத் தனி நிதி, அதில் ஒவ்வொரு தொலைத்தொடர்பு நிறுவனமும் தன் வருமானத்தில் ஒரு சிறு விகிதம் கட்டும். பிறகு இணையம் வழியே வந்த வீடியோ ரிலேயும் இந்தப் பையிலிருந்தே நடந்தது. காது கேட்காதவர் மற்றவர்களைவிட ஒரு காசுகூடக் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை. நிறுவனங்கள் தங்கள் கையிலிருந்தா கட்டுகின்றன? இல்லை, கடைசியில் வாடிக்கையாளர் தலையில்தான் விழுகிறது, அதை மறைத்துப் பயனில்லை.

எவ்வளவு விழும் என்பதுதான் கேள்வி. ஜப்பான் 2020-இல் சட்டம் போட்டு 2021 ஜூலையில் 24 மணி நேர ரிலேயைத் தொடங்கியது. அதற்காக அங்கே ஒரு போன் நம்பருக்கு வசூலாவது மாதத்துக்குச் சுமார் ஒரு யென், நம் காசில் ஒரு ரூபாய்கூட வராது. நம் கணக்குக்கு வருவோம். நாட்டில் ஏறக்குறைய 115 கோடி மொபைல் இணைப்புகள். ஓர் இணைப்புக்கு மாதம் ஒரே ஒரு பைசா எடுத்தால் வருஷத்துக்குச் சுமார் 13.8 கோடி ரூபாய். அதில் பாதியை வாடகை, கம்ப்யூட்டர், மேற்பார்வை என்று ஒதுக்கிவிட்டு மீதியில் மாதம் 40,000 ரூபாய் சம்பளம் போட்டால் 140 மொழிபெயர்ப்பாளர்கள். பத்து பைசா என்றால் 1,400 பேர். நாட்டில் அத்தனை தேர்ந்த மொழிபெயர்ப்பாளர்கள் கிடைப்பார்களா என்பதுதான் சந்தேகம், பணம் இல்லை.

இன்னொன்றும் கேளுங்கள், உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். நீங்கள் இதற்குப் புதிதாகக் கட்ட வேண்டியதே இல்லை, ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். போன் நிறுவனங்கள் தங்கள் வருமானத்தில் 8 சதவீதத்தை உரிமக் கட்டணமாக அரசுக்குச் செலுத்துகின்றன, அந்த எட்டில் ஐந்து, எல்லாருக்கும் தொலைபேசி சென்று சேர வேண்டும் என்பதற்கான நிதிக்குப் போகிறது. 2002-இல் தொடங்கிய அந்த நிதிக்கு 2023-இன் தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பிறகு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். 2024-இல் வந்த அதன் விதிகளில் பெண்கள், மாற்றுத்திறனாளிகள், நலிந்த பிரிவினர் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. கிராமத்தில் டவர் நடுவது இந்த நிதியின் வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். டவர் பக்கத்திலேயே இருந்தும் போன் பேச முடியாதவர் அந்தக் கணக்கில் எங்கே வருகிறார்? தாய்லாந்து இதே மாதிரி நிதியிலிருந்துதான் 2011 முதல் ரிலே நடத்துகிறது, அது ஒன்றும் நம்மைவிட எட்டாத உயரத்தில் இருக்கிற நாடு இல்லை.

நுங்கம்பாக்கத்திலிருந்து ஓர் ஆடிட்டர்: அமெரிக்க ரிலே நிதியில் பெரிய மோசடி நடந்ததாகப் படித்திருக்கிறேன். அங்கேயே அப்படி என்றால், இங்கே ஆரம்பித்தால் என்ன ஆகும்?

இந்தக் கட்டிலேயே எனக்குப் பிடித்த கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே போகிறேன்.

நடந்தது உண்மை. வீடியோ ரிலே நடத்தும் கம்பெனிகளுக்கு நிமிடக் கணக்கில் பணம். 2009 வாக்கில் ஒரு மணி நேர அழைப்புக்கு ஏறக்குறைய 390 டாலர். சரி, நிமிடத்துக்குக் காசு என்றால் மனிதன் என்ன செய்வான்? நிமிடம் உற்பத்தி செய்வான். பேச வேண்டிய அவசியமே இல்லாத அழைப்புகளை, மீட்டர் ஓடுவதற்காகவே போட வைத்தார்கள், அதற்கு ஆட்களைக் காசு கொடுத்துப் பிடித்தார்கள். 2009 நவம்பரில் 26 பேர் மீது அமெரிக்க அரசு வழக்குப் போட்டது, எஃப்பிஐ வந்து கைது செய்தது. வருத்தம் என்னவென்றால் மாட்டியவர்களில் காது கேட்காதவர்களே நடத்திய கம்பெனியும் உண்டு. 'பாதிக்கப்பட்டவர்கள் கையில் கொடுத்துவிட்டால் மேற்பார்வை வேண்டாம்' என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

இன்னொரு வகையும் நடந்தது. இணையத்தில் டைப் அடிக்கும் ரிலேயில் யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்று விட்டிருந்தார்கள். வெளிநாட்டு மோசடிக்காரர்கள், காது கேட்காத அமெரிக்கர் மாதிரி நடித்து, திருட்டு கிரெடிட் கார்டு நம்பரில் கடைகளில் சாமான் ஆர்டர் செய்தார்கள். நடுவில் இருக்கும் ஆபரேட்டருக்கு இது ஏமாற்று வேலை என்று அப்பட்டமாகத் தெரியும். ஆனால் தலையிடக் கூடாது, வந்ததை வந்தபடி சொல்ல வேண்டும் என்பதுதானே விதி, வாயை மூடிக்கொண்டு, இல்லை வாயைத் திறந்து, படித்துக் காட்டினார்கள். விளைவு, கடைக்காரர்கள் 'ரிலே' என்ற சொல்லைக் கேட்டதுமே போனை வைக்க ஆரம்பித்தார்கள். திருடன் அடுத்த கடைக்குப் போய்விட்டான், நிஜமாகவே பீட்சா ஆர்டர் செய்ய வந்தவருக்குத்தான் லைன் கட். பதிவு செய்து சரிபார்க்காதவர்களுக்குச் சேவை இல்லை என்ற கட்டுப்பாடு 2012-இல்தான் வந்தது.

ஆடிட்டராக உங்களுக்கு உறுத்தப்போகும் இடம் ஒன்று உண்டு. ஆபரேட்டர் எந்த உரையாடலையும் அழைப்பு முடிந்த பிறகு பதிவாக வைத்திருக்கவோ வெளியே சொல்லவோ கூடாது என்று அமெரிக்க விதி கறாராகச் சொல்கிறது. வவுச்சரை நீங்கள் பார்க்கவே முடியாது, ஆனால் பில்லுக்குக் கையெழுத்துப் போட வேண்டும். எப்படி?

பேச்சைத் தொடாமல், பேச்சைச் சுற்றியுள்ளதை எல்லாம் எண்ணினார்கள். அழைப்பு எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எப்போது முடிந்தது, எந்த நம்பரிலிருந்து எந்த நம்பருக்கு, எந்த ஆபரேட்டர் என்பதை எல்லாம் இயந்திரம்தான் பதிய வேண்டும், கையால் எழுதிக் கொடுத்தால் செல்லாது. 2011-இல் வந்த விதிகளின்படி, ஊழியருக்கு 'இத்தனை நிமிடம் ஓட்டினால் போனஸ்' என்று எந்த வகையிலும் கொடுக்கக் கூடாது. ஒரு பக்கத்தில் ஆளே இல்லாமல் ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் லைனைத் துண்டிக்க வேண்டும். உள்ளே நடக்கும் தில்லுமுல்லைப் புகார் செய்யும் ஊழியருக்குப் பாதுகாப்பு உண்டு. என் அனுபவத்தில் எந்த ஆபீஸிலும் ஆடிட்டைவிட இந்தக் கடைசி விஷயம்தான் வேலை செய்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மோசடியைத் தடுப்பது மேற்பார்வையில் பாதிதான், தரம் பார்ப்பது மறுபாதி, நம் ஊரில் அதை மறந்துவிடுவார்கள் என்பதுதான் என் பயம். அங்கே டைப் ரிலேயில் 85 சதவீத அழைப்புகளைப் பத்து விநாடிக்குள் எடுக்க வேண்டும். வீடியோவில் 80 சதவீதத்தை 120 விநாடிக்குள். டைப் அடிப்பவர் நிமிடத்துக்கு 60 சொல் வேகம் காட்ட வேண்டும். ஆரம்பித்த அழைப்பில் ஷிஃப்ட் முடிந்தது என்று பத்து நிமிடத்துக்குள் ஆபரேட்டர் மாறக் கூடாது. மாநிலங்கள் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை எஃப்சிசி என்ற தொலைத்தொடர்பு ஆணையத்திடம் போய், ஒழுங்காகத்தான் நடத்துகிறோம் என்று காட்டிச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். நிதிக்கு ஆலோசனை சொல்லும் குழுவில் பணம் கட்டும் கம்பெனிகள், நடத்தும் கம்பெனிகள், மாநிலங்கள் இவர்களோடு பயன்படுத்துபவர்களும் உட்காருகிறார்கள்.

இங்கே என்றால் என்ன செய்யலாம்? பணம் கொடுக்கும் கையும், நடத்தும் கையும், அளக்கும் கையும் வேறு வேறாக இருக்க வேண்டும். பணம் டிஜிட்டல் பாரத் நிதியிலிருந்து வரட்டும், எத்தனை விநாடிக்குள் எடுக்க வேண்டும் என்ற தரத்தை நம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நிர்ணயிக்கட்டும், நடத்துவது டெண்டர் எடுத்தவரோ பல்கலைக்கழகமோ யாராகவும் இருக்கட்டும். அளக்கும் இடத்தில் தினமும் ரிலேயைப் பயன்படுத்தும் நாலு பேர், ஓட்டுரிமையோடு, மொழிபெயர்ப்பாளரோடு உட்கார வேண்டும். 'கூட்டத்துக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போனார்கள்' என்ற கணக்கில் இல்லை. அப்புறம், நிமிடத்துக்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள். இத்தனை ஆட்கள் இத்தனை மணி நேரம் தயாராக இருந்தால் இவ்வளவு என்று ஒரு நிலையான தொகை, எடுக்கும் வேகம் குறைந்தால் பிடித்தம், அதற்கு மேல்தான் நிமிடக் கணக்கு. தீயணைப்பு நிலையத்துக்கு எரிந்த வீட்டை எண்ணியா சம்பளம் கொடுக்கிறோம்?

வேளச்சேரியிலிருந்து ஐடி ஊழியர்: எனக்குக் காது கேட்காது. நிச்சயமான பையனோடு பேச ஆசை, அவருக்குச் சைகை மொழி அரைகுறையாகத்தான் வரும். நடுவில் ஒரு அக்கா உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார் என்றால் எப்படிம்மா பேசுவது?

இப்போது யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்? அம்மாவா, அக்காவா? அவர்கள் மறுநாள் காலை காபி குடிக்கும்போது அதை வைத்துக் கிண்டல் செய்வார்களே, அதைவிட முகம் தெரியாத ஒருவர் மேல் என்பதே என் கட்சி. முன்னால் சொன்ன ரகசிய விதி உங்களுக்காகத்தான். அதை மீறும் ஆபரேட்டருக்கு வேலை போகும் என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். நம் ஊருக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. சென்னையில் தேர்ந்த சைகை மொழிபெயர்ப்பாளர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான், காது கேட்காதவர்களின் வட்டமும் சின்னது, கல்யாணம் காட்சி என்றால் எல்லாரும் ஒரே மண்டபத்தில். திரையில் வருபவர் உங்கள் பள்ளி சீனியரின் மனைவியாக இருந்தால்? 'வேறு ஒருவர் வேண்டும்' என்று காரணம் சொல்லாமலே கேட்கும் பட்டன் ஆப்பில் இருக்க வேண்டும். பெண்ணுக்குப் பெண் மொழிபெயர்ப்பாளர் கேட்கும் உரிமையும். டெண்டர் எழுதும் புண்ணியவான்கள் இதைப் படித்தால் குறித்துக்கொள்ளட்டும். பையனுக்கு முழு சைகை மொழியையும் நீங்களே கற்றுக்கொடுத்துவிடுங்கள், கல்யாணத்துக்கு முன்னால்தான் ஒழுங்காகக் கற்றுக்கொள்வார்கள்.

அண்ணா நகரிலிருந்து வங்கி ஊழியர்: கணக்கு வைத்திருப்பவருக்குக் காது கேட்காது. மனைவி போன் செய்து கேட்கிறார். 'கணக்குக்காரரே பேச வேண்டும்' என்பது எங்கள் விதி. நாங்கள் என்ன செய்வது? ரிலே வந்தால் அதையும் மூன்றாம் நபர் என்றுதான் சொல்லுவோம்.

நீங்கள் கெட்டவர் இல்லை, விதி எழுதியவர் காது கேட்காத ஒருவரை மனதில் வைத்து எழுதவில்லை. மனைவியையும் ரிலே ஆபரேட்டரையும் ஒரே தட்டில் வைப்பதுதான் தப்பு. மனைவி தனக்காகவும் பேசக்கூடும், கணவருக்குத் தெரியாமல் கணக்கை விசாரிக்கவும் கூடும், உங்கள் எச்சரிக்கையில் நியாயம் இருக்கிறது. ஆபரேட்டர் பேசுவது வாடிக்கையாளரின் பேச்சு மட்டும். அமெரிக்காவில் மருத்துவ ரகசியச் சட்டத்தில் இதே சந்தேகம் வந்தபோது, நோயாளியோடு ரிலே வழியாகப் பேச டாக்டர் ஆபரேட்டரோடு தனி ஒப்பந்தம் எதுவும் போட வேண்டியதில்லை என்று அரசே தெளிவுபடுத்தியது. இங்கே அந்த மாதிரி ஒரு சுற்றறிக்கை மேலிடத்திலிருந்து வராமல் கிளை மேனேஜர் கையெழுத்துப் போடமாட்டார், எனக்கும் தெரியும். ஆனால் 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பைச் செய்ய முடியாமல் தவித்த வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழும் உரிமையின் பகுதி என்று சொல்லிவிட்டது. கண் சிமிட்டச் சொல்லும் கேஒய்சிக்கு வந்த நியாயம் 'ஹலோ சொல்லுங்கள்' என்று கேட்கும் கால் சென்டருக்கும் வர வெகு நாளாகாது. அதுவரை? மெயில், சாட், கிளைக்கு நேரில் வந்தால் எழுதிக் காட்டுவது, இவற்றில் ஒன்றையாவது மறுக்காமல் செய்யுங்கள். ஓடிபியை மட்டும் ரிலேக்காரரிடமும் சொல்ல வேண்டாம் என்று வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுங்கள்.

தாம்பரத்திலிருந்து ஒரு மகன்: அப்பாவுக்குத் தொண்டைப் புற்றுநோய், குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு கருவி வைத்துப் பேசுகிறார். காது நன்றாகக் கேட்கும். போன் செய்தால் எதிரில் இருப்பவர்கள் ரோபோ கால் என்று நினைத்து வைத்துவிடுகிறார்கள்.

உங்கள் அப்பா மாதிரியானவர்களை ரிலே பேச்சில் எல்லாரும் மறந்துவிடுகிறோம், எல்லா விவாதமும் சைகை மொழியோடு முடிந்துவிடுகிறது. இவர்களுக்கு டைப்பும் வேண்டாம், வீடியோவும் வேண்டாம். அந்தக் குரலைக் கேட்டுப் பழகிய ஒருவர் லைனில் இருந்து, அப்பா சொன்னதைத் தெளிவாகத் திரும்பச் சொன்னால் போதும். பதிலை அப்பாவே கேட்டுக்கொள்வார். பக்கவாதம் வந்து நாக்கு குழறுபவர்களுக்கும், கடுமையாகத் திக்குபவர்களுக்கும், பெருமூளை வாதம் உள்ளவர்களுக்கும் இதுவேதான். இந்த யோசனையைக் கலிஃபோர்னியாவில் விடாப்பிடியாக நின்று சாதித்தவர் பாப் செகல்மன், அவருக்கே பெருமூளை வாதம். 2001 மார்ச்சிலிருந்து அமெரிக்கா முழுக்க இது கட்டாயம். இதில் மட்டும் ஒரு சலுகை, அழைப்பவர் விரும்பினால் சில தகவல்களை ஆபரேட்டர் அடுத்த அழைப்புக்காக வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு முறையும் ஒரே விலாசத்தைத் திக்கித் திக்கிச் சொல்ல வேண்டாமே.

நம் ஊரில் முதலில் தொடங்கவேண்டியது இதுதான் என்பேன். சைகை மொழிபெயர்ப்பாளரைத் தயார் செய்ய வருஷக் கணக்காகும். பொறுமையான காது உள்ள ஒருவருக்கு, ஒரு பேச்சுப் பயிற்சியாளரை வைத்துச் சொல்லிக்கொடுத்தால், வெகு சீக்கிரத்திலேயே உட்கார வைக்கலாம். வெறும் ஆடியோ லைன் போதும், இரண்டாயிரம் ரூபாய் பட்டன் போனிலும் நடக்கும்.

சோழிங்கநல்லூரிலிருந்து ஒரு இளைஞர்: ஏஐ வந்துவிட்டது. பேசினால் போனே எழுத்தாக்கிக் காட்டுகிறது. இன்னும் நடுவில் மனிதனை உட்கார வைப்பது பழைய பஞ்சாங்கம் இல்லையா?

நடுத்தர வயதில் காது மந்தமானவருக்கு, நன்றாகத் தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கு, நீங்கள் சொல்வது சரி. அமெரிக்காவும் 2018-இல், எதிரில் பேசுவதைத் திரையில் எழுத்தாகக் காட்டும் போன்களுக்கு, மனிதர் இல்லாமல் இயந்திரமே பேச்சை எழுத்தாக்குவதை அனுமதித்துவிட்டது, மனிதனைவிட மலிவு. ஆனால் பிறவியிலேயே காது கேட்காத பலருக்கு முதல் மொழி சைகைதான், எழுதும் தமிழ் இரண்டாவது மொழி, அதுவும் பள்ளியில் சரியாகச் சொல்லித்தராத இரண்டாவது மொழி. திரையில் ஓடும் 'உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் நிலுவையில் உள்ளது' என்ற வாக்கியம் காது கேட்கும் எனக்கே மூச்சு வாங்குகிறது. அப்புறம், ராயபுரம் மீன் வியாபாரி பேசும் தமிழை, பின்னால் ஷேர் ஆட்டோ ஹாரனோடு, உங்கள் ஏஐ எழுதிக் காட்டட்டும், பிறகு பேசலாம்.

இதிலேயே இன்னொன்று ஒளிந்திருக்கிறது. டெல்லியில் ஒரே மையம் வைத்து நாடு முழுக்க நடத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சைகை புரிந்தாலும், மறுமுனையில் பெரம்பூர் பிளம்பர் தமிழில்தான் பேசுவார். இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 10,000 சொல் அகராதி போட்டிருக்கிறது, நல்ல வேலை. ஆனால் ஊருக்கு ஊர் சைகையும் கொஞ்சம் மாறும். மத்தியிலிருந்து பணமும் தரமும், மாநிலத்தில் தமிழ் தெரிந்த ஆட்களோடு மையம், அதுவும் சென்னையில் ஒன்று போதாமல் மதுரைக்குத் தெற்கே இன்னொன்று. அமெரிக்காக்காரன் பணத்துக்காகப் பிரித்த இரண்டு பைகள் நமக்கு மொழிக்காகத் தேவைப்படும்.

ராயபுரத்திலிருந்து ஒரு வாசகர்: ராத்திரி நெஞ்சு வலி வந்தால், தீப்பிடித்தால் என்ன செய்வது?

பிரிட்டனில் 2022 ஜூனிலிருந்து 999-க்கு சைகை மொழியிலேயே வீடியோ அழைப்பு உண்டு, செலவு போன் கம்பெனிகளுடையது. இங்கே இப்போதைக்கு 112 இந்தியா ஆப்பைப் போனில் போட்டு, பெயர், விலாசம், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே பதிந்து வையுங்கள், அழுத்தினால் இருப்பிடமும் சேர்ந்து போகும். அதை மட்டும் நம்பாமல், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரிடம் 'இந்த மெசேஜ் வந்தால் 108-க்குப் போன் செய்யுங்கள்' என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகி: இங்கே இப்போது என்னதான் இருக்கிறது? யாரிடம் போய்க் கேட்பது?

2020 ஊரடங்கில் தமிழக மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வாட்ஸ்அப் வீடியோவில் சைகையில் பேச ஓர் உதவி எண் அறிவித்தது. 2023-இல் சைகை மொழி தினத்தன்று மத்திய அரசும் வாட்ஸ்அப் வீடியோ அழைப்பு வசதி ஒன்றைத் தொடங்கியது. இரண்டும் நல்ல ஆரம்பம். ஆனால் 2011 கணக்கெடுப்பில் கேட்கும் திறன் குறைபாடு உள்ளவர்கள் நாட்டில் 50 லட்சத்துக்கு மேல், தமிழ்நாட்டில் மட்டும் 2.2 லட்சம். உதவி எண் வேறு, யாரிடம் வேண்டுமானாலும் எந்த நேரத்திலும் போன் பேச வைக்கும் ரிலே வேறு.

கேட்க வேண்டிய இடம் இரண்டு. மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு, காமராஜர் சாலை முகவரிக்கு, உங்களுக்கு நடந்ததைத் தேதி, நேரம், எந்த அலுவலகம் என்று விவரமாக எழுதுங்கள். 'எங்கள் சமூகத்துக்கு நீதி வேண்டும்' என்று எழுதினால் கோப்பில் தூங்கும், 'இந்தத் தேதியில் இந்த அலுவலகத்தில் மெயிலில் பதில் தர மறுத்தார்கள்' என்று எழுதினால் பதில் கேட்டு நோட்டீஸ் போக வாய்ப்பு உண்டு. டிராய் தனிநபர் புகாரை எடுக்காது, ஆனால் ஏதாவது புதிய விதி போடுமுன் பொதுமக்கள் கருத்துக் கேட்டு ஆலோசனை அறிக்கை வெளியிடும், அதற்கு யார் வேண்டுமானாலும் பதில் எழுதலாம். போன் கம்பெனிகள் ஒவ்வொன்றும் வக்கீல் வைத்துப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. அடுத்த அறிக்கை வரும்போது இந்தப் பகுதியில் கடைசித் தேதியோடு போடுகிறேன், தமிழில் எழுதி அனுப்புகிறவர்களுக்கு மொழிபெயர்த்துத் தர நம் வாசகர்களில் இரண்டு பேர் ஏற்கெனவே பெயர் கொடுத்திருக்கிறார்கள்.